வளைகுடாவா, வியட்நாமா, இங்கேயேவா: ஏ320 துணை விமானி போட வேண்டிய கணக்கு

"அண்ணா, 2000 மணி நேரம் தாண்டிவிட்டது. வெளியே போகலாமா?"

இந்தியாவில் ஏர்பஸ் ஏ320 ஓட்டும் துணை விமானிகளில் யாராவது ஒருவர் மாதம் தவறாமல் எனக்கு இப்படி எழுதுகிறார். வெளியே என்றால் எங்கே என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இல்லை. துபாயில் போயிங் 777-இன் வலது இருக்கையும் (துணை விமானியுடையது) வெளியேதான், வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் ஏ321-இன் இடது இருக்கையும் (கேப்டனுடையது) வெளியேதான். ஆனால் ஆள் எடுக்கும் விதம், ஒப்பந்தம், ஐந்து வருடம் கழித்துக் கையில் நிற்பது என்று எதுவும் இரண்டுக்கும் ஒத்துவராது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நிறுவனங்களின் தேர்வுக்கு இரண்டு முறை போனேன். 2018-இல் தோற்றேன், 2022-இல் தேறினேன். இப்போது வளைகுடாவில் 777 ஓட்டுகிறேன், தோளில் இன்னும் துணை விமானிக்குரிய மூன்று கோடு. இந்தியாவில் என்னோடு சேர்ந்தவர்களில் பலர் கேப்டனாகி நாலு கோடு போட்டுவிட்டார்கள். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐரோப்பிய நிறுவனங்களின் விண்ணப்பத்தில் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி வரும்: இங்கே தங்கி வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? இல்லை என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். அனுமதி இருந்தாலும் நம் லைசென்ஸை அவர்களுடையதாக மாற்ற 13 பாடங்களில் தேர்வு எழுத வேண்டும். முதல் தேர்வு எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) நாலு செக்டார் (நாலு பறப்பு) பறந்துவிட்டு வந்து இதைப் படித்து முடித்தவர்களை நான் அறிவேன். அவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் மனைவியோ கணவரோ ஐரோப்பியக் குடிமக்கள். அமெரிக்காவில் கேட்கும் 1500 மணி நேரம் உங்கள் லாக்புக்கில் (பறந்த நேரக் குறிப்பேட்டில்) இருக்கும், கிரீன் கார்டு இருக்காது. சரி, அடுத்தது.

இங்கேயே இருப்பதும் ஒரு தெரிவு

இதை யாரும் தெரிவாகவே எண்ணுவதில்லை, தானாக நடப்பது என்று விட்டுவிடுகிறார்கள். 2023-இல் இண்டிகோ ஒரே நாளில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு ஏர் இந்தியா 470 விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டது. இவை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் பல கேப்டன்கள் வேண்டும். அந்த இடங்களுக்கு முதலில் பார்க்கப்படுவது உள்ளே வரிசையில் நிற்கும் துணை விமானிகளைத்தான்.

கேப்டன் ஆவதை வெறும் கௌரவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்கள் கேப்டன் தேடி விளம்பரம் செய்யும்போது மொத்த மணி நேரத்தோடு நிற்பதில்லை, அந்த ரகத்தில் கேப்டனாகப் பறந்தது எவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். 500 என்று சிலர், 1000 என்று சிலர். அந்த ஒரு வரி உங்கள் லாக்புக்கில் இருந்தால் பேரம் பேசுவது நீங்கள். இல்லாவிட்டால் அவர்கள்.

இங்கே இருப்பதன் வலியும் தெரிந்ததுதான். அதிகாலை 3 மணிக்கு வீட்டு வாசலில் கேப், ஒரே நாளில் சென்னை, மதுரை, சென்னை, கொச்சி என்று ஏறி இறங்குவது, 24 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 30 சதவீத வரி. அதோடு, இங்கே இருந்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 இரவு கடைசியாகப் பறந்தது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் முடங்கியது. ஆனால் அந்த மூன்றின் கதவும் மூடியபோது வேறு வேலை தேடுவது யாருக்குச் சுலபமாக இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். கேப்டனாக இருந்தவர்களுக்குத்தான்.

வளைகுடா: உள்ளேயே இரண்டு வழி

வளைகுடா என்று மொத்தமாகச் சொல்வதே தவறு. நீங்கள் ஓட்டும் ரகத்திலேயே தொடர்வது ஒன்று. ஷார்ஜாவில் ஏர் அரேபியா 2003-இலிருந்து ஏ320 குடும்ப விமானங்களை ஓட்டுகிறது. கத்தார் ஏர்வேஸிடமும் எத்திஹாதிடமும் பெரிய விமானங்களோடு ஏ320-களும் உண்டு. ரகம் மாறாததால் பயிற்சி குறைவு, வேலைக்கு இறங்குவது சீக்கிரம். இன்னொன்று ரகம் மாறுவது. எமிரேட்ஸில் பயணிகள் விமானங்கள் எல்லாமே அகன்ற உடல் கொண்டவை: 777, ஏ380, 2024 இறுதியிலிருந்து ஏ350. ஃபிளை துபாய் முழுக்க 737. புது ரகம் என்றால் டைப் ரேட்டிங் (அந்த ரகத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சி), அதன்பின் லைன் டிரெயினிங் (பயணிகளோடு பறந்தபடி பெறும் பயிற்சி), அதற்கெல்லாம் சேர்த்து ஒரு பாண்ட் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்). பாண்டில் எத்தனை வருடம், நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா, இல்லை கடைசி நாள்வரை அப்படியே நிற்கிறதா, இந்த இரண்டையும் சம்பளப் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பாருங்கள்.

பெரிய விமானத்தின் ஈர்ப்பு எனக்குத் தெரியும், அதில் விழுந்தவன் நான். ஆனால் அங்கே போன பிறகுதான் புரியும் விஷயம் ஒன்று உண்டு. துபாயிலிருந்து ஆக்லாந்து ஏறக்குறைய 16 மணி நேரப் பறப்பு. காக்பிட்டில் மாறி மாறி உட்கார நாலு பேர். தரையிறக்குவது ஒருவர். உங்கள் முறை அன்றைக்கு இல்லை என்றால் லாக்புக்கில் மணி நேரம் ஏறும், லேண்டிங் ஏறாது. 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற விதியை இந்தியாவில் நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அது ஒரே நாளில் பாதி முடிந்துவிடும். வளைகுடாவில் நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். மூன்று வருடம் இப்படிப் போன பிறகு கையால் ஓட்டும் பழக்கம் மங்குவதை உடம்பே சொல்லும்.

பணப் பக்கம் வளைகுடாவுக்கு வலுவானது. தனிநபர் வருமான வரி கிடையாது. பெரிய நிறுவனங்கள் வீடோ வீட்டுப் படியோ கொடுக்கின்றன, பிள்ளைகளின் பள்ளிச் செலவில் ஒரு வரம்புவரை ஏற்கின்றன. ஒப்பிடும்போது சம்பளத் தொகையை மட்டும் ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்க வேண்டாம். வாடகை, பள்ளி, குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் எது யார் தலையில் என்று பிரித்த பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள். லைசென்ஸ் போனால் கிடைக்கும் காப்பீட்டையும் கேளுங்கள். 30 வயதில் யாரும் இதைக் கேட்பதில்லை. காதில் வரும் ஒரு சின்னக் கோளாறு போதும், வேலை போய்விடும்.

அந்தத் தேர்வு நாட்கள்

வளைகுடாப் பெரிய நிறுவனங்களின் தேர்வு மேலோட்டமாக ஒன்று போலத்தான் இருக்கும். இணைய விண்ணப்பம், வீட்டிலிருந்தே எழுதும் திறன் சோதனைகள், சில இடங்களில் காணொளி நேர்காணல். அதைத் தாண்டினால் டிக்கெட்டும் ஹோட்டலும் கொடுத்துக் கூப்பிடுவார்கள். அங்கே குழுப் பயிற்சி, சிமுலேட்டர், நேர்காணல், பிறகு மருத்துவச் சோதனை. திறன் சோதனையில் கணக்குப் போட்டுக்கொண்டே ஒரு புள்ளியை நடுவில் வைத்திருக்கும் வேலையெல்லாம் வரும். பழகினால் கைவரும், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சிமுலேட்டர்தான் கதை. 2018-இல் என்னை உட்கார வைத்தது அதுவரை தொட்டே பார்த்திராத போயிங் ரகத்தில். ஏ320-இல் வளர்ந்தவனுக்கு அது வேறு உலகம். நம் விமானத்தில் ஆட்டோத்ரஸ்ட் (எஞ்சின் விசையைத் தானே சரிசெய்யும் அமைப்பு) வேலை செய்யும்போதும் த்ரஸ்ட் லீவர் அசையாது; சைட்ஸ்டிக்கை விட்டால் விமானம் விட்ட நிலையில் நிற்கும், டிரிம் (கையில் அழுத்தம் தேவைப்படாதபடி மூக்கின் நிலையைச் சமன் செய்வது) தானே நடக்கும். அந்தப் போயிங்கில் வேகம் மாறினால் நீங்கள்தான் டிரிம் செய்ய வேண்டும். லீவரைத் தள்ளினால் மூக்கு தூக்கும், இழுத்தால் குனியும். ஆட்டோபைலட் கிடையாது, ஃபிளைட் டைரக்டர் (எப்படி ஓட்டுவதென்று திரையில் காட்டும் கோடுகள்) கிடையாது, வெறும் ரா டேட்டாவில் (கருவிகளின் அளவுகளை மட்டும் பார்த்து) ஓர் ஐஎல்எஸ் (ஓடுபாதையிலிருந்து வரும் வானொலி வழிகாட்டலைப் பிடித்து இறங்குவது), நடுவில் ஒரு எஞ்சின் போகும். என் வேகம் 15 நாட் மேலும் கீழும் ஊசலாடியது. இறக்கிவிட்டேன், ஆனால் அழகாக இல்லை.

இரண்டு வாரம் கழித்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. காரணம் எழுத மாட்டார்கள். டிரிம் செய்யத் தெரியாததால் தோற்றேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடம் கழித்து இரண்டாவது தேர்வுக்குத் தயாராகும்போது, பயிற்சியாளராக இருந்த ஒரு பழைய கேப்டன் அந்த நாளை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும், "நீ பக்கத்தில் இருந்தவரிடம் என்னப்பா பேசினாய்?" என்று கேட்டார். யோசித்தேன். ஃபிளாப்ஸ், கியர். அவ்வளவுதான். உயரம் கூடுதலாக இருந்தது எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. வேகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று உதவி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக ஓட்டிக்காட்டப் பார்த்தேன்.

அறியாத ரகத்தில் அவர்கள் அழகான பறப்பை எதிர்பார்ப்பதில்லை. முதல் 10 நிமிடத்துக்கும் கடைசி 10 நிமிடத்துக்கும் இடையில் கற்றுக்கொள்கிறீர்களா, பக்கத்தில் இருப்பவரைப் பயன்படுத்துகிறீர்களா என்று பார்க்கிறார்கள். 2022-இல் எனக்கு 1000 அடியில் அப்ரோச் (இறங்கி வரும் வேகமும் பாதையும்) நிலைப்படவில்லை. சத்தமாகச் சொல்லிவிட்டுக் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) போனேன். தேர்வில் கோ-அரவுண்ட் போனால் தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டாயப்படுத்தி இறக்கியிருந்தால்தான் தீர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

போவதற்கு முன் பெங்களூரிலோ டெல்லிப் பக்கமோ சிமுலேட்டர் வாடகைக்கு எடுத்து இரண்டு அமர்வு பழகுங்கள். முடிந்தால் அவர்கள் சோதிக்கும் ரகத்தில். அதற்கும் முன்னால், உங்கள் நிறுவனத்தின் விதிகள் அனுமதிக்கும் இடத்தில், வானம் தெளிவாக இருக்கும் நாளில், கேப்டனிடம் கேட்டுக்கொண்டு ரா டேட்டாவில் ஓட்டுங்கள். அது இலவசம்.

நேர்காணலில் நம் ஆட்கள் வழுக்கும் இடம் ஆங்கிலம் இல்லை. இரண்டு பழக்கங்கள். ஒன்று, "நாங்கள்". அன்றைக்கு நாங்கள் திரும்பி வந்தோம், நாங்கள் முடிவு செய்தோம் என்று அடக்கமாகச் சொல்வோம். எதிரே இருப்பவர் பொறுமையாக, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மறுபடி கேட்பார். மூன்றாவது முறையும் "நாங்கள்" வந்தால், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள் என்று எழுதிக்கொள்வார். இரண்டாவது, "சார்". கேப்டன் தவறு செய்தபோது என்ன செய்தீர்கள் என்பது நிச்சயமாக வரும் கேள்வி. அப்படி எதுவும் நடந்ததில்லை என்பது பதில் ஆகாது. 2000 மணி நேரத்தில் நடந்திருக்கும். மரியாதை குறையாமல் எப்படிச் சொன்னீர்கள், கேட்காதபோது அடுத்து என்ன செய்தீர்கள் என்று ஓர் உண்மைச் சம்பவத்தை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லத் தயாராக இருங்கள். கேப்டனைத் திட்டுவதற்கு அது இடமில்லை. கற்பனைக் கதை இரண்டாவது துணைக் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

மது அருந்தியதைக் காட்டும் ப்ரெத் அனலைசரில் ஒருமுறை சிக்கி மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர் என்றால் அதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எப்படியும் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவிடம் சரிபார்ப்பார்கள்.

வியட்நாம்: ஒப்பந்தக்காரரின் வாழ்க்கை

இங்கே தேர்வின் தன்மையே மாறிவிடுகிறது. வளைகுடா நிறுவனம் உங்களை 20 வருடத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு பார்க்கிறது, அதனால்தான் குழுப் பயிற்சியும் குணநலச் சோதனையும். ஒப்பந்த வேலைகள் பெரும்பாலும் முகவர் நிறுவனங்கள் வழியாக வருகின்றன. காலம் இரண்டு மூன்று வருடம். அவர்களுக்கு வேண்டியது ஏ320-இல் கேப்டனாகப் பறந்த மணி நேரம், சமீபத்தில் பறந்த தேதி, சுத்தமான பதிவு, ஒரு சிமுலேட்டர் சோதனை. குணநலம் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. உங்களைப் பற்றிக் கேட்காதவர், நீங்கள் போகும்போதும் கேட்க மாட்டார். பயணச் செலவு யாருடையது, சோதனையில் தோற்றால் அந்தச் செலவு யாருடையது என்று முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். "பதிவுக் கட்டணம்" என்று பணம் கேட்கும் முகவர் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி துணை விமானிகளுக்கு அநேகமாகத் திறப்பதில்லை. கேப்டன்களுக்கோ நன்றாகவே திறந்திருக்கிறது. இதில் எனக்குப் பொறாமை தரும் விஷயம் விடுமுறை. 20 நாள் வேலை, 10 நாள் வீடு என்கிற மாதிரி ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. அந்த 10 நாளும் ரோஸ்டர் பிரிவிலிருந்து போன் வராது. வருடத்துக்கு 120 நாள் ஊரில் இருந்தாலும் வரிக் கணக்கின் 182 நாள் வரம்புக்குள்தான் வரும். ஆனாலும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வியட்நாமில் வருமான வரி 35 சதவீதம்வரை போகும் என்பதால், சொல்லும் சம்பளம் வரிக்கு முன்பா பின்பா என்பதும் முக்கியம். வியட்ஜெட் 2023-இல் திருச்சிக்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் நேரடி விமானம் விட்டது. திருச்சிக்காரியான என் மனைவி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிவிட்டு வேறொன்றும் எழுதவில்லை.

ஒப்பந்தத்தின் மறுபக்கத்துக்குச் சீனாதான் பாடம். 2020-க்கு முன் சீன நிறுவனங்கள் வெளிநாட்டுக் கேப்டன்களுக்கு மாதம் 25,000 டாலருக்கு மேல் கொடுப்பதாக விளம்பரம் செய்தன. அங்கே மருத்துவச் சோதனையே பெரிய வடிகட்டி. சொந்த நாட்டில் எந்தக் குறையும் இல்லாமல் தேறியவர்கள் அங்கே திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் ஏராளம். பெருந்தொற்று வந்ததும் முதலில் வீட்டுக்குப் போனவர்கள் இந்த ஒப்பந்தக்காரர்கள். நியாயமாகச் சொன்னால் நிரந்தர வேலைக்காரர்களும் தப்பவில்லை. வளைகுடாவிலும் விமானிகள் அனுப்பப்பட்டார்கள், 2020 அக்டோபரில் கேத்தே டிராகன் நிறுவனமே மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களில் ஏ320 கேப்டன்கள் மறுபடி எழுந்தார்கள். பெரிய விமானத்தில் துணை விமானியாக இருந்து, ஏ320-ஐ விட்டு ஆறேழு வருடம் ஆனவர்கள்தான் ரொம்பத் தவித்தார்கள்.

கிளம்புவதற்கு முன் ஆறு மாதம்

டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். என்ஓசி (நிறுவனம் தரும் தடையில்லாச் சான்று) இல்லாமல் கிளம்புவது சிக்கல். வளைகுடாவில் இது தெரியும், காத்திருப்பார்கள். ஒப்பந்த வேலைக்கு ஆள் தேடுபவர் அடுத்த மாதமே வேண்டும் என்பார். கேப்டனாக ஆகிவிட்டால் விலகுவதற்கே ஒரு வருடம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; நாலாவது கோட்டுக்கு இருக்கும் விலை அது. இந்திய நிறுவனத்தின் பாண்ட் எவ்வளவு பாக்கி என்று பாருங்கள். எழுத்தில் வேலை உத்தரவும் அவர்களுடைய மருத்துவச் சோதனை முடிவும் வராமல் ராஜினாமா செய்ய வேண்டாம். இந்திய லைசென்ஸையும் மெடிக்கலையும் (மருத்துவத் தகுதிச் சான்றையும்) எங்கே போனாலும் உயிரோடு வைத்திருங்கள். லைசென்ஸின் ஆயுள் 2023-இலிருந்து 10 வருடமாகிவிட்டது, அது ஓர் ஆறுதல். ஆனால் மெடிக்கலை விட்டுவிட்டால் திரும்பி வரும்போது மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுப்பது? கமாண்ட் (கேப்டன் பதவி) இரண்டு வருடத்துக்குள் வரும் என்றால் இருங்கள். வாங்குங்கள். இடது இருக்கையில் 1000 மணி நேரம் போட்டுவிட்டுப் பிறகு வியட்நாமையும் வளைகுடாவையும் பாருங்கள். அப்போது இரண்டுமே உங்களுக்கு வேறு முகம் காட்டும். உங்கள் நிறுவனத்தில் வரிசை நகரவே இல்லை, இல்லை நிறுவனமே ஆட்டம் காண்கிறது என்றால், ரகம் மாறாத வளைகுடா வேலைக்கு விண்ணப்பியுங்கள். பகட்டு குறைவு, ஆனால் ஏ320 கையை விட்டுப் போகாது. பெரிய விமானம் ஓட்டாமல் தூக்கம் வராது என்கிறவர் ரகம் மாற்றியே போகலாம், நான் தடுக்க மாட்டேன். இரவு நேரத்தில் வங்கக் கடலுக்கு மேல் 38,000 அடியில் அந்தப் பெரிய விமானத்தோடு போகும்போது எனக்கும் வருத்தம் எதுவும் நினைவில் இருப்பதில்லை. சென்னை கட்டுப்பாட்டறையின் குரல் ரேடியோவில் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் வரும்.

போன வாரம் எழுதிய தம்பிக்கு 2,150 மணி நேரம், வயது 29. ஏடிபிஎல் (கேப்டன் ஆகத் தேவையான லைசென்ஸ்) கையில் இருக்கிறது, வளைகுடா நிறுவனம் ஒன்றிலிருந்து சிமுலேட்டருக்கு அழைப்பும் வந்துவிட்டது. சீனியாரிட்டி பட்டியலில் உன் எண் என்ன, உனக்கு முன்னால் கமாண்டுக்கு நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். பார்த்ததில்லை அண்ணா என்றான். பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.